தலைகீழாகத் தெரிகிறவன்

நான் சென்டர்.
குனிந்து, கால்களுக்கு நடுவே
பந்தைப் பின்னால் கொடுப்பவன்.
மூன்று சீசனாக எல்லிஸ் டகெட்டை
தலைகீழாகத்தான் பார்த்து வருகிறேன்:
மேலே பூட்ஸ், கீழே வானம்,
நடுவில் சேறு அப்பிய பதினான்காம் எண்.

அவன் எறிந்த ஒரு பந்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை.
என் முகத்துக்கு எதிரே எப்போதும்
நூற்றிருபது கிலோவில் எவனாவது ஒருவன்
மூச்சு விட்டுக்கொண்டிருப்பான்.
பந்து போய்ச் சேர்ந்ததா என்று
கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

மொன்டானாவின் கிழக்குக் கோடி. அக்டோபர்.
பீட்ரூட் ஏற்றிய லாரிகள் சர்க்கரை ஆலைக்கு
மைதானத்தை ஒட்டி ராமுழுக்கப் போகும்.
வடக்கிலிருந்து காற்றடித்தால்
எங்கள் வியர்வையிலும் கெட்டுப்போன பாகின் வாடை.

முடிவெட்டும் கடையில், தேவாலயப் படியில்,
எல்லாரும் அவன் தோளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.
அறுபது கெஜம் எறிவானாமே!
எறிவான். அதனாலென்ன,
ஹட்டர்ஸன் பண்ணைக் கூலியாள்கூட எறிவான்,
வைக்கோல் கட்டை.

எனக்குத் தெரிந்தது வேறு.
பந்துக்காக எனக்கடியில் வந்து விரியும் அவன் கைகள்
ஒவ்வொரு முறையும் நடுங்கும்.
குளிர் என்று முதல் வருஷம் நினைத்தேன்.
ஆகஸ்டிலும் நடுங்கின.
குரல் மட்டும் நடுங்காது.
பெட்ரோல் பங்க்கில் சில்லறை கேட்பவன் மாதிரி
எண்களைக் கூப்பிடுவான்.

இரண்டரை விநாடி.
நாங்கள் ஐந்து பேர் உடம்பைக் கொடுத்து
அவனுக்குச் சம்பாதித்துத் தருவது அவ்வளவுதான்.
அதற்குள் அவன்
தன்னை நொறுக்க வருகிறவர்களைப் பார்க்காமலிருக்க வேண்டும்.
கண்ணை மூடிக்கொள்வதில்லை அது.
அகலத் திறந்து, வேறெங்கோ வைப்பது.
பிறகு யாருமே இல்லாத ஒரு புல்துண்டுக்குப்
பந்தை அனுப்ப வேண்டும்,
ஆள் வந்துவிடுவான் என்று.
கடன் கொடுக்கிறவன்கூட
விலாசம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறான்.

நேற்று ராத்திரி நான்கு புள்ளி பின்னால்,
பதினோரு விநாடி மிச்சம்.
வட்டமாய்க் கூடியபோது
கிளைட் ஓஸ்ட்பி வாந்தியெடுத்தான்.
எல்லிஸ் தன் இடுப்புத் துண்டால் அவன் வாயைத் துடைத்துவிட்டு
அடுத்த ஆட்டத்தைச் சொன்னான்.
யாரும் சிரிக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவுமில்லை.

பந்தைக் கொடுத்தேன்.
என் இடப்பக்கமாக ஒருவன் நழுவினான்.
என் ஆள். என் தப்பு.
பிடிக்கத் திரும்பி முழங்காலில் விழுந்தபோதுதான்
எல்லிஸை முதல் தடவையாக நேராகப் பார்த்தேன்.

வருகிறவன் அவனுக்குத் தெரிந்தான்.
தாடை ஒரு நூலளவு இறுகியது, அவ்வளவே.
பாதம் பின்வாங்கவில்லை.
முன்காலை ஊன்றினான், எறிந்தான்,
அப்புறம்தான் அடி.
கதவு நிலையோடு பெயர்ந்த மாதிரி ஒரு சத்தம்.

சேற்றில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்கக் கிடந்தோம்.
"பிடிச்சானா?" என்றான்.
எதிரணி இருக்கைகள் எழுந்து கத்தின.

பஸ்ஸில் ஒருவன் செல்போனில் காட்டினான்.
பந்து போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.
கிளைட் உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்;
வெளிப்பக்கம் திரும்பிவிட்டான்.
கோச் கேட்டதற்கு
"லேட்டா எறிஞ்சிட்டேன்" என்றான் எல்லிஸ்.
கிளைடைப் பற்றி ஒரு சொல் இல்லை.
என்னைப் பற்றியும்.

இன்று காலை, ஆலைக்கு எதிரே உள்ள ஓட்டலில்
காபிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினான்.
கத்தியைப் பிடிக்க முடியவில்லை;
தட்டை என் பக்கம் நகர்த்தினான்.
அவனுடைய இறைச்சியை நான் வெட்டிக் கொடுத்தேன்.

அடுத்த மேசைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தி,
"அந்தக் கடைசிப் பந்தை, தம்பி,
கொஞ்சம் முன்னாலேயே விட்டிருந்தா..." என்றார்.

"ஆமாங்க," என்றான்,
அதே சில்லறை கேட்கிற குரலில்.
பிறகு என்னிடம்,
அந்த உப்பை இப்படித் தள்ளு என்றான்.